டிரெய்லரில் லித்தியம் பேட்டரி: டிராக்டரில் இருந்து சார்ஜ் ஏற்றுவது எப்படி?

மருந்துத் தொட்டி, அதற்கு ஒரு 12 வோல்ட் மோட்டார், இரவு அறுப்புக்கு நாலு எல்.இ.டி. விளக்கு, பன்றிக் காவலுக்குப் போனால் ஒரு சின்ன மின்விசிறி, செல்போன் சார்ஜர். இவ்வளவும் இப்போது டிரெய்லரில் ஏறிவிடுகின்றன. இவற்றை ஓட்ட முன்பு வீட்டு இன்வெர்ட்டரின் பழைய பேட்டரியைத் தூக்கி வைப்பார்கள். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வரப்பில் ஏறி இறங்கும்போது ஆசிட் தண்ணீரும் சிந்தும். 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி 11 முதல் 13 கிலோதான். ஒரே ஆள் தூக்கி வைத்துவிடலாம். அதனால் பலரும் இதற்கு மாறி வருகிறார்கள்.

மாறியதும் எழும் முதல் கேள்வி இது: "டிராக்டர்தான் நாள் முழுக்க ஓடுகிறதே, அதன் பேட்டரியில் இருந்து இரண்டு ஒயர் இழுத்து டிரெய்லர் பேட்டரிக்குக் கொடுத்துவிட்டால் என்ன?"

பழைய ஆசிட் பேட்டரிக்கு அப்படிக் கொடுத்து ஓட்டியவர்கள் நிறைய பேர். லித்தியத்துக்கு அது ஆகாது. ஆல்டர்னேட்டர் கெடலாம், பேட்டரி கெடலாம், தவறான பேட்டரியாக இருந்தால் தீயும் பிடிக்கலாம். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் என்ற ஒரு பெட்டியை வைத்தால் இந்த மூன்றையும் தவிர்க்கலாம். ஆனால் அதை வாங்கும் முன் உங்களிடம் இருப்பது எந்த லித்தியம் பேட்டரி என்று பார்க்க வேண்டும்.

எல்லா லித்தியமும் ஒன்றல்ல

கடையில் "12 வோல்ட் லித்தியம்" என்று சொல்லி விற்பதில் இரண்டு வகை உண்டு. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ஒன்று லித்தியம் அயர்ன் பாஸ்பேட். கடைக்காரர்கள் எல்.எஃப்.பி. என்பார்கள். இதில் 3.2 வோல்ட் செல் நான்கு வரிசையாக இருக்கும். ஆகவே பெயர்ப்பலகையில் 12.8 வோல்ட் என்று போட்டிருக்கும். முழு சார்ஜ் ஏறும்போது 14.6 வோல்ட் வரை போகலாம்.

மற்றது என்.எம்.சி. வகை. கைத்தெளிப்பான்களில் வரும் சிறிய லித்தியம் பேட்டரிகளில் இது அதிகம். இதில் செல் மூன்றுதான். பெயர்ப்பலகையில் 11.1 வோல்ட் அல்லது 10.8 வோல்ட் என்றிருக்கும். முழு சார்ஜே 12.6 வோல்ட்டோடு முடிந்துவிடும்.

இப்போது டிராக்டரைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் கொடுப்பது 13.8 முதல் 14.4 வோல்ட். எல்.எஃப்.பி. இதைத் தாங்கும். என்.எம்.சி.க்கு இது முழு சார்ஜ் அளவைவிட ஒரு வோல்ட்டுக்கும் மேல் அதிகம். பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் போர்டு சரியாக வேலை செய்தால் இணைப்பைத் துண்டித்துக் காப்பாற்றும். அது பழுதாகியிருந்தால் செல் உப்பி, சூடேறி, தீப்பிடிக்கும். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் இந்தப் பரீட்சை வேண்டாம். என்.எம்.சி. பேட்டரியை அதனுடன் கொடுத்த சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள். டிராக்டர் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

பெயர்ப்பலகை அழிந்துபோயிருந்தால், பேட்டரியை அதன் சொந்த சார்ஜரில் முழுதாக ஏற்றி, சார்ஜரைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 13.3 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் எல்.எஃப்.பி. 12.5 வோல்ட்டை ஒட்டி இருந்தால் என்.எம்.சி. என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மின்வண்டிகளில் கழற்றிய செல்லைக் கோத்து, நீல பிளாஸ்டிக் உறை போட்டு விற்கும் பேட்டரிகளும் சந்தையில் உண்டு. விலை குறைவு என்பதற்காக அதை வாங்கி டிரெய்லரில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தச் செல், எத்தனை ஆம்பியர் பி.எம்.எஸ்., எத்தனை வருட உத்தரவாதம் என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தருகிற கடையில் வாங்குங்கள்.

இனி இங்கே சொல்வதெல்லாம் 12.8 வோல்ட் எல்.எஃப்.பி. பேட்டரிக்கு மட்டும்.

நேராக மாட்டினால் என்ன ஆகும்?

டிராக்டரில் ஆல்டர்னேட்டர் வைத்திருப்பது, ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் குறைந்த கரண்டைத் திரும்ப நிரப்பவும், விளக்கு, ஹாரன், மீட்டர்களை ஓட்டவும்தான். நம் ஊரில் ஓடும் 35 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டர்களில் பெரும்பாலும் 35 முதல் 45 ஆம்பியர் அளவுள்ள ஆல்டர்னேட்டர்தான் இருக்கும். அந்த அளவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது வருவது. ஐட்லிங்கில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

ஆசிட் பேட்டரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சார்ஜ் ஏற ஏற அது வாங்கும் கரண்டைத் தானே குறைத்துக்கொள்ளும். லித்தியம் அப்படியல்ல. பாதி காலியான 100 ஏ.எச். லித்தியம் 50 ஆம்பியர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். நிரம்பும் நேரம் வரைக்கும் வாங்கிக்கொண்டே இருக்கும். சிறிய ஆல்டர்னேட்டர் தன் முழு பலத்தையும் மணிக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதிலும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு வெளியேறாது. முதலில் வார்னிஷ் கருகும் வாடை வரும். பிறகு டயோடு போகும், அல்லது காயில் போகும். அறுப்பு நேரத்தில் டிராக்டர் நின்றால் என்ன நஷ்டம் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது ஆபத்து பி.எம்.எஸ். பக்கம் இருந்து வருகிறது. பேட்டரி நிரம்பியதும், அல்லது சூடு அதிகமானதும் பி.எம்.எஸ். ஒரே நொடியில் இணைப்பைத் துண்டித்துவிடும். 30 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படித் துண்டித்தால் ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் சட்டென்று எகிறும். டிராக்டரின் ஆசிட் பேட்டரி இணைப்பில் இருந்தால் அந்த எகிறலைப் பெருமளவு அது தாங்கிக்கொள்ளும். அதன் டெர்மினல் தளர்ந்திருந்தாலோ, ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியத்தை மட்டும் வைத்திருந்தாலோ டயோடும் ரெகுலேட்டரும் அந்த ஒரே நொடியில் போய்விடலாம்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் தொல்லை தீராது. ஓய்வில் லித்தியம் 13.3 வோல்ட், ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட். இரண்டும் ஒயரில் இணைந்தே இருந்தால் இரவு முழுக்க லித்தியத்தில் இருந்து கரண்ட் ஆசிட் பேட்டரிக்கு வடிந்துகொண்டே இருக்கும். காலையில் சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் ஒரு பங்கு அந்த மெல்லிய சார்ஜிங் ஒயர் வழியாகவும் பாயப் பார்க்கும். ஃபியூஸ் இருந்தால் போகும், இல்லாவிட்டால் ஒயர் உருகும்.

"நான் இரண்டு வருடமாக நேராகத்தான் மாட்டி ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்களும் உண்டு. பொய்யல்ல. அவர்கள் போட்டிருக்கும் ஒயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அந்த ஒயரின் தடையே கரண்டை மட்டுப்படுத்தி ஆல்டர்னேட்டரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். பேட்டரி மெதுவாக ஏறுகிறதே என்று தடித்த ஒயரை மாற்றும் அன்றைக்குத்தான் சங்கதி தெரியும்.

டி.சி.-டி.சி. சார்ஜர்

வாய்க்காலில் பலகை வைத்துத் தண்ணீரை அளந்து விடுவது போல, இந்தப் பெட்டி டிராக்டரில் இருந்து குறிப்பிட்ட அளவு கரண்டை மட்டும் எடுக்கும். 10 ஆம்பியர் சார்ஜர் என்றால் பேட்டரி எவ்வளவு காலியாக இருந்தாலும் 10 ஆம்பியர்தான் கொடுக்கும். ஒயரில் வோல்டேஜ் குறைந்து வந்தாலும் அதைத் தூக்கி லித்தியத்துக்குத் தேவையான 14.2 முதல் 14.6 வோல்ட்டாக மாற்றித் தரும். நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும்.

கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: "12 வோல்ட்டில் இருந்து 12 வோல்ட், எல்.எஃப்.பி. பேட்டரி சார்ஜ் ஏற்றும் சார்ஜர்." இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மின் ஆட்டோக்களில் 48 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்க ஒரு பெட்டி வைக்கிறார்கள், அதற்கும் டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் என்றுதான் பெயர். அது சார்ஜர் அல்ல, டிராக்டருக்குப் பயன்படாது. திறந்த போர்டாக, திருகாணியைத் திருப்பி வோல்டேஜ் ஏற்றும் பூஸ்ட் கன்வெர்ட்டர்களும் மலிவாகக் கிடைக்கும். டிரெய்லர் குலுங்கும் குலுங்கலில் அந்தத் திருகாணி நகர்ந்தாலே போதும், கணக்கு தப்பிவிடும்.

எத்தனை ஆம்பியர் சார்ஜர் வாங்குவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 30 ஆம்பியர் வாங்கினால் சீக்கிரம் ஏறுமே என்று தோன்றும். ஆனால் சார்ஜர் வெளியே கொடுப்பதைவிட உள்ளே இழுப்பது அதிகம். 14.2 வோல்ட்டில் 20 ஆம்பியர் கொடுக்க வேண்டுமானால், பெட்டியில் வீணாகும் சூட்டையும் சேர்த்து டிராக்டர் பக்கம் 25 ஆம்பியர் வரை இழுக்கும். 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டரில் அது மூன்றில் இரண்டு பங்கு. அதோடு இரண்டு முகப்பு விளக்கு எரிந்தால் 9 ஆம்பியர். ஆல்டர்னேட்டருக்கு மூச்சுவிட இடமே இருக்காது.

ஆகவே சார்ஜர் உள்ளே இழுக்கும் கரண்ட் ஆல்டர்னேட்டர் அளவில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 35 முதல் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 10 ஆம்பியர் சார்ஜர் சரியான ஜோடி. அது டிராக்டரில் இருந்து 12, 13 ஆம்பியர்தான் இழுக்கும். உங்கள் ஆல்டர்னேட்டரின் அளவு அதன் உடலில் ஒட்டியுள்ள தகட்டிலோ டிராக்டரின் கையேட்டிலோ இருக்கும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள பழைய டிராக்டர் என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். சோலார் பக்கம் போவது நல்லது.

சார்ஜரை எங்கே பொருத்துவது என்பதும் முக்கியம். டிராக்டர் பக்கம் வைக்காதீர்கள். டிரெய்லரில், லித்தியம் பேட்டரியை ஒட்டி வையுங்கள். அப்போதுதான் அது அளந்து கொடுக்கும் வோல்டேஜ் பேட்டரிக்கு அப்படியே போய்ச் சேரும். பெட்டி சூடாகும், அதனால் சாக்குப்பையால் மூடாதீர்கள்.

ஒயரும் ஃபியூஸும்

டிராக்டரின் பின்னால் டிரெய்லர் விளக்குகளுக்காக ஏழு பின் சாக்கெட் இருக்கும். "அதில்தான் ஏற்கெனவே கரண்ட் வருகிறதே" என்று சார்ஜரை அதில் மாட்டிவிடாதீர்கள். அங்கே வரும் ஒயர் சிக்னல் விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் போட்ட மெல்லிய ஒயர்.

ஒரு கணக்கு பாருங்கள். டிராக்டர் பேட்டரியில் இருந்து டிரெய்லர் பேட்டரிக்கு 6 மீட்டர் என்று வையுங்கள். போக வர 12 மீட்டர் ஒயர். சார்ஜர் இழுப்பது 13 ஆம்பியர். 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 2.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், புறப்பட்ட 13.8 வோல்ட், போய்ச் சேரும்போது 11 வோல்ட்டாக இருக்கும். சார்ஜர் வேலையே செய்யாது. 2.5 ஸ்கொயரில் ஒரு வோல்ட் குறையும். 6 ஸ்கொயரில் அரை வோல்ட்டுக்கும் கீழே. ஆகவே 10 ஆம்பியர் சார்ஜருக்கு 6 ஸ்கொயர் எம்.எம். போடுங்கள். கொஞ்சம் பெரிய ஆல்டர்னேட்டர் இருந்து 20 ஆம்பியர் சார்ஜர் வைப்பவர்கள் 10 ஸ்கொயருக்குக் குறையக்கூடாது. மெல்லிய இழைகள் சேர்ந்த செம்பு ஒயராக இருக்கட்டும். அலுமினிய ஒயரும், வீட்டு ஒயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பியும் குலுக்கலில் உடைந்துபோகும்.

நெகட்டிவுக்குத் தனி ஒயர் கட்டாயம். கொக்கியும் பின்னும் இரும்புதானே, நெகட்டிவ் அதன் வழியாகவே போகும் என்று சில மெக்கானிக்குகள் பாசிட்டிவ் ஒயரை மட்டும் இழுத்துத் தருவார்கள். கொக்கியில் துருவும் கிரீசும் மண்ணும்தான் இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது தொடும், மேட்டில் ஏறும்போது விடும். அந்த இணைப்பை நம்பி சார்ஜ் ஏற்ற முடியாது.

டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே கழற்றி மாட்ட 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் போடுங்கள். மின் ஆட்டோ பேட்டரிகளில் இருக்கும் அதே பிளக்தான். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். டிரெய்லரைக் கழற்றும்போது முதலில் பிளக், பிறகு பின் என்ற வரிசை உங்கள் டிரைவருக்கும் பழக வேண்டும். மறந்து இழுத்துவிட்டால் ஒயர் அறுந்து உடம்பில் பட்டு தீப்பொறி பறக்கும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது ஃபியூஸ் மட்டும்தான்.

அந்த ஃபியூஸ் இரண்டு இடத்தில் வேண்டும். ஒயரின் ஒரு முனையில் டிராக்டர் பேட்டரி, மறு முனையில் லித்தியம். இரண்டுமே கரண்ட் கொடுக்கக்கூடியவை. ஆகவே இரண்டு பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலில் இருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஒவ்வொரு ஃபியூஸ் போடுங்கள். 10 ஆம்பியர் சார்ஜருக்கு 20 ஆம்பியர் ஃபியூஸ் போதும். டிரெய்லர் மோட்டாருக்கும் விளக்குக்கும் போகும் ஒயர்களுக்குத் தனியாக ஃபியூஸ் போட வேண்டும். ஃபியூஸ் போய்விட்டால் அதில் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டுவது நம்மூரில் ரொம்பச் சாதாரணம். வீட்டு மெயினில் செய்தாலே தவறு. லித்தியத்தில் செய்தால் அடுத்த தடவை எரியப்போவது ஒயரேதான்.

எஞ்சின் ஓடும்போது மட்டும்

எஞ்சினை நிறுத்திய பிறகும் சார்ஜர் இழுத்துக்கொண்டிருந்தால் டிராக்டரின் பேட்டரி காலியாகிவிடும். வயல் நடுவில் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டிவரும். நல்ல சார்ஜர்களில் இதற்கென்று தனி சிக்னல் ஒயர் இருக்கும். அதைச் சாவி போட்டால் கரண்ட் வரும் ஒயரோடு இணைக்க வேண்டும். வேறு சில சார்ஜர்கள் உள்ளே வரும் வோல்டேஜைப் பார்த்தே எஞ்சின் ஓடுகிறதா என்று அறிந்துகொள்ளும். வோல்டேஜ் குறைந்ததும் தானே நின்றுவிடும். இந்த இரண்டு வசதியும் இல்லாத சார்ஜரை வாங்க வேண்டாம்.

டிராக்டருக்குப் பதில் சின்ன லோடு வண்டியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆடு கிடை போடுபவர்களும் தேனீப் பெட்டி ஏற்றிச் செல்பவர்களும் ஊர் ஊராகப் போவதால் அவர்களுக்கு இது ரொம்பவே உதவும். முறை ஒன்றுதான். ஆனால் புதிய பி.எஸ்.-6 வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் இருக்கும். அதைத் தாண்டி நேராக டெர்மினலில் ஒயரை மாட்டினால் அதன் கணக்கு குழம்பும். அந்த வண்டிகளில் நெகட்டிவ் ஒயரை சேஸிஸில் கொடுக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால் ஒயரை வெட்டும் முன் டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு ஏறும், எவ்வளவு வேலை நடக்கும்?

10 ஆம்பியர் சார்ஜர், டிராக்டர் 4 மணி நேரம் உழவு. பேட்டரியில் 40 ஏ.எச். ஏறும். அதாவது சுமார் 500 வாட்-மணி. 60 வாட் மருந்து மோட்டார் ஒன்றை இதில் 8 மணி நேரம் ஓட்டலாம். அல்லது 9 வாட் விளக்கு நான்கும் 25 வாட் மின்விசிறி ஒன்றும் ஒரு ராத்திரி முழுக்க ஓடும். 20 சதவீதத்துக்கு இறங்கிய 100 ஏ.எச். பேட்டரி நிரம்ப 8 மணி நேரம் வேண்டும்.

"இதில் கிணற்று மோட்டாரை ஓட்ட முடியுமா?" முடியாது. 5 குதிரைத்திறன் மோட்டார் 3,700 வாட்டுக்கு மேல் கேட்கும். 12 வோல்ட்டில் அது 300 ஆம்பியர். 100 ஏ.எச். பேட்டரியின் பி.எம்.எஸ். ஸ்டார்ட் ஆகும் முன்பே துண்டித்துவிடும். அதே காரணத்தால், டிராக்டர் ஸ்டார்ட் ஆகாதபோது டிரெய்லர் லித்தியத்தில் இருந்து ஜம்ப் கொடுக்கவும் முயல வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதற்காக மட்டும் டிராக்டரைச் சும்மா ஓடவிடாதீர்கள். எஞ்சினைப் பொறுத்துக் கூடக் குறைய, மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கு டீசல் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் 10 ஆம்பியர் சார்ஜர் ஏற்றுவது 128 வாட்-மணி. வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஆக ஒரு யூனிட் கரண்டுக்கு 8 லிட்டர் டீசல்! உழவோ பாரமோ எப்படியும் நடக்கிற வேலையோடு சேர்ந்து ஏறினால்தான் இது லாபம்.

டிராக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வெளியே போகும் என்றால், வீட்டில் எல்.எஃப்.பி.க்கான 14.6 வோல்ட் சார்ஜர் ஒன்றை வைத்து இரவில் ஏற்றுங்கள், 100 ஏ.எச். பேட்டரிக்கு ஒன்றரை யூனிட் போதும். ஆசிட் பேட்டரி சார்ஜரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் சிலவற்றில் பேட்டரியின் உப்பைக் கரைக்க 15 வோல்ட்டுக்கு மேல் அடிக்கும் ஏற்பாடு இருக்கும். லித்தியத்துக்கு அது கேடு. கிடை போடுபவர்களுக்கும் தோட்டத்திலேயே தங்குபவர்களுக்கும் 100 வாட் சோலார் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் 350 முதல் 400 வாட்-மணி தரும். டிராக்டர் 3 மணி நேரம் ஓடுவதற்குச் சமம் அது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள கன்ட்ரோலரில் லித்தியம் என்று தேர்வு செய்ய மறக்காதீர்கள்.

பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான், பல வருடம் உதவும். எஞ்சின் ஓடாதபோது டிராக்டர் பேட்டரி 12.5 முதல் 12.7 வரை காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து வேகம் கொடுத்தால் 13.8 முதல் 14.4. இப்போது சார்ஜரைப் போட்டு, உழவு வேகத்தில் வைத்து, சார்ஜரின் உள்ளே வரும் முனையில் பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கோ குறை இருக்கிறது. முதலில் ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு டெர்மினலில் பூத்த பச்சை உப்பு, சரியாக அழுத்தாத லக், மெல்லிய ஒயர். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கால் மணி நேரம் ஓடியபின் எஞ்சினை நிறுத்தி பிளக்கையும் ஃபியூஸ் பிடிப்பையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி அழுத்த வேண்டும்.

பேட்டரியை அடியோடு காலியாக்கிவிட்டால் பி.எம்.எஸ். துண்டித்துவிடும், மீட்டரில் பூஜ்யம் காட்டும். செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் தூங்குகிறது. லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள சார்ஜரில் மாட்டினால் எழும்பும். அப்படி எழும்பாததை வாங்கிய கடையில் காட்டுங்கள். உறையைப் பிரித்து நீங்களே கம்பியைத் தொட்டு எழுப்ப வேண்டாம்.

வெயில், எலி, உர மூட்டை

செல்லின் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பது இந்தப் பேட்டரிகளின் பொதுவான வரம்பு. கத்திரி வெயிலில் மூடியில்லாத டிரெய்லரின் இரும்புத் தரையில் வைத்தால் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும். மரப்பலகையின் மேல் ரப்பர் விரிப்பு போட்டு, காற்றோட்டம் உள்ள பெட்டியில், நிழல் விழும் பக்கம் பட்டை போட்டுக் கட்டுங்கள். நீலகிரி, கொடைக்கானல் விவசாயிகளுக்குச் சிக்கல் நேர் எதிரானது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் செல் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பி.எம்.எஸ். உள்ள பேட்டரியாக வாங்குங்கள், அல்லது வெயில் வந்து பேட்டரி சூடான பிறகு ஏற்றுங்கள்.

யூரியா, பொட்டாஷ் மூட்டையோடு சேர்த்து ஏற்றினால் சிந்தும் உரம் ஈரத்தை இழுத்து டெர்மினலை அரிக்கும். டிராக்டரை வாட்டர் சர்வீஸ் செய்யும் அன்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். எலிக்கு ஒயர் உறை என்றால் கொள்ளை ஆசை. நெளிவுக் குழாய்க்குள் ஒயரை விடுங்கள், மாதம் ஒருமுறை முழு நீளத்தையும் கண்ணால் பாருங்கள்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, இனிப்பு போன்ற ஒரு ரசாயன வாடை வந்தாலோ, புகைந்தாலோ எஞ்சினை நிறுத்தி, பக்கத்தில் போக முடிந்தால் மட்டும் பிளக்கைக் கழற்றுங்கள். முடியும் என்றால் பின்னைக் கழற்றி டிராக்டரை நகர்த்துங்கள். புகையைச் சுவாசிக்காமல் காற்று வரும் பக்கம் தள்ளி நின்று 101-க்கு அழையுங்கள்.

சாகுபடி இல்லாத மாதங்களில் பேட்டரியை நிரப்பியும் வைக்க வேண்டாம், காலியாகவும் விட வேண்டாம். பாதி சார்ஜில், எல்லா ஒயரையும் கழற்றி, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து, 13 வோல்ட்டுக்குக் கீழே வந்திருந்தால் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றி மறுபடி வைத்துவிடுங்கள்.